காற்றிலிருந்து வெந்நீர்

லோதி ரோடையொட்டிய அரசுக் குடியிருப்புகளில் ஜனவரி காலை என்றால் குளியலறை வாசலில் வரிசைதான். முதல் ஆள் குளித்து முடித்ததும் 15 லிட்டர் கீஸர் காலி. ஜோர் பாக் மெட்ரோவுக்கு ஓட வேண்டிய அடுத்தவர் சிவப்பு விளக்கு அணையக் காத்திருக்கிறார்.

மாற்றாகச் சொல்லப்படுவது ஹீட் பம்ப். ஃப்ரிட்ஜ் உள்ளேயிருக்கும் வெப்பத்தை எடுத்துப் பின்பக்கம் தள்ளுகிறது அல்லவா? இது வெளிக்காற்றின் வெப்பத்தை எடுத்துத் தண்ணீரில் தள்ளுகிறது. மின்சாரம் முக்கியமாகக் கம்ப்ரஸரை ஓட்டத்தான். 100 லிட்டரை 15 டிகிரியிலிருந்து 50 டிகிரிக்கு ஏற்ற கீஸருக்கு 4 யூனிட்டுக்கு மேல் வேண்டும். மிதமான வெயில் நாளில் ஹீட் பம்ப் ஒன்றரை யூனிட்டுக்குள் முடித்துவிடும்.

டெல்லியில் சிக்கல் என்னவென்றால், வெந்நீர் அதிகம் தேவைப்படும் நேரத்தில்தான் காற்றில் வெப்பம் குறைவு. 5 டிகிரி விடியலில் சேமிப்பு வெகுவாகக் குறையும். சுருள்களில் உறைபனி வேறு படியும். அதனால் பிற்பகலில் ஓட்டி, பெரிய டேங்கில் சேர்த்து வைப்பதே புத்திசாலித்தனம்.

டேங்கின் தலையிலேயே இயந்திரம் உட்கார்ந்திருக்கும் ரகத்துக்குத் தாராளமான காற்றோட்டம் தேவை. சின்ன அறையில் வைத்தால் அந்த அறையையே குளிராக்கிக்கொண்டு திணறும் (சென்னை சமையலறையில் அதுவே வரப்பிரசாதம்!). ஏ.சி. போல இயந்திரம் வெளியே, டேங்க் உள்ளே என்ற ஸ்ப்ளிட் ரகம் ஃபிளாட்டுகளுக்குத் தோது. கடுங்குளிரில் கைகொடுக்க மின் காயிலும் சேர்ந்த ஹைப்ரிட் ரகம் உண்டு. ஆனால் காயில் அடிக்கடி எரிந்தால் அது கீஸர்தான், விலை மட்டும் அதிகம்.

நிலத்தடி வெப்பத்தை எடுக்கும் ரகத்துக்குப் பனியைப் பற்றிய கவலை இல்லை. சில மீட்டர் ஆழத்தில் மண்ணின் வெப்பநிலை ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும். பக்கத்திலேயே, 2014-ல் திறக்கப்பட்ட இந்திரா பர்யாவரண் பவனில் 80 மீட்டர் ஆழத்தில் 180 துளைகள் போட்டிருக்கிறார்கள். அங்கே நடப்பது நேரெதிர் வேலை: ஏ.சி. வெளியேற்றும் வெப்பம் மண்ணுக்குள் போகிறது. மூன்றாவது மாடி ஃபிளாட்காரர் எங்கே துளை போடுவார்?

அவர் வாங்கப்போவது காற்று ரகத்தைத்தான். விற்பனையாளர் "நாலு மடங்கு" என்றால், எத்தனை டிகிரி காற்றில் அளந்த கணக்கு என்று கேட்பது நல்லது. கூடவே, 5 டிகிரியில் எவ்வளவு என்றும்.