இன்டர்லாக் மெஷினும் அம்மாவின் கணக்கும்

ஆய்வு உதவித்தொகையில் மிச்சம் பிடித்த பணத்தில் அம்மாவுக்கு ஒரு மெஷின் வாங்கித் தருவதாகச் சென்ற மாதம் சொன்னேன். பாண்டுப் மேற்கில், மலைச்சரிவில் உள்ள பத்துக்குப் பன்னிரண்டு அறையில் இருபது ஆண்டுகளாக அவர் பிளவுஸ் தைத்துவருகிறார். அவருடைய மிதி மெஷினுக்கு என்னைவிட வயது அதிகம். ஆகவே மோட்டார் பொருத்திய புதிய தையல் மெஷின் என்பதே என் எண்ணமாக இருந்தது. அம்மா மறுத்தார். “இது இன்னும் நல்லாத்தான் ஓடுது. வாங்குறதுன்னா இன்டர்லாக் வாங்கிக் குடு” என்றார். இரண்டு வாரம் நீண்ட அந்த வாதத்தில் நான் தோற்றேன். தோற்ற காரணம், உழைப்பைப் பற்றி எழுதியும் பேசியும் வருகிற நமக்கு உரியது என்பதால் இங்கே பதிவிடுகிறேன்.

முதலில் சொல்லைப் பார்த்துவிடலாம். மொழியியல் படித்த பழக்கம். அம்மா இன்டர்லாக் என்பது திருப்பூரில் ஓவர்லாக். மும்பையின் சந்துக்கடைப் பலகைகளில் பிகோ, ஃபால், இன்டர்லாக் என்று மூன்றும் சேர்ந்தே வரும். திருப்பூரில் போய் இன்டர்லாக் என்று கேட்டால் ஒருவகைப் பின்னலாடைத் துணியை எடுத்துக் காட்டுவார்கள். அங்கே ஆள் தேவை விளம்பரங்களில் ‘சிங்கர், ஓவர்லாக், பேட்லாக் டைலர்கள்’ என்று இருக்கும். சிங்கர் என்பது எந்த நிறுவனத்துடையதாக இருந்தாலும் ஒற்றை ஊசித் தையல் மெஷின். ஃபிளாட்லாக் தமிழ் நாவில் பேட்லாக் ஆயிற்று. இந்த விளம்பரத்தில் டைலர் என்ற சொல்லுக்கு முன்னால் மெஷினின் பெயர் வந்து நிற்பதைக் கவனியுங்கள். முழு உடை தைப்பவரின் பெயர் அல்ல அது. ஒரு மெஷினில் உட்காருபவரின் பெயர்.

என் எதிர்ப்பு இங்கிருந்துதான் தொடங்கியது. தையல் மெஷின் மேலே ஊசி நூலையும் கீழே பாபின் நூலையும் பூட்டித் தைக்கிறது. கழுத்து, கை, பட்டி, கொக்கி வைக்கும் இடம் என எல்லாவற்றையும் அதிலேயே முடிக்கலாம். ஓவர்லாக்கில் பாபின் கிடையாது. ஒன்றோ இரண்டோ ஊசிகளோடு லூப்பர்கள் இரண்டு சேர்ந்து துணியின் விளிம்பைச் சுற்றி நூலைப் பின்னுகின்றன; பக்கத்திலேயே ஒரு கத்தி மிஞ்சிய துணியை வெட்டிக்கொண்டே போகிறது. ஆலைகளில் இது நிமிடத்துக்கு 5000 தையலுக்கு மேல் ஓடும். பனியன் துணி இழுபட்டாலும் இந்தத் தையல் அறுவதில்லை. ஆனால் இதை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு பிளவுஸை முடிக்க முடியாது.

ஹாரி பிரேவர்மன் 1974இல் எழுதிய ‘உழைப்பும் ஏகபோக மூலதனமும்’ நூலை அம்மாவிடம் வேறு மொழியில் ஒப்பித்தேன் என்றே சொல்ல வேண்டும். தொழிலைத் துண்டு துண்டாக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு மெஷினையும் ஒரு ஆளையும் வைப்பதன் விளைவு இது; முழு வேலை தெரிந்த நீங்கள் ஏன் விளிம்பு அடிப்பவராக வேண்டும் என்று கேட்டேன். இன்னொரு வாதமும் வைத்திருந்தேன். பிளவுஸின் பக்கவாட்டில் உள்ளே துணி விட்டுத் தைப்பது நம் வழக்கம். உடம்பு பெருத்தால் ஒரு தையலைப் பிரித்துவிட்டால் போதும். அதே பிளவுஸ் பத்தாண்டு வரும். ஆயத்த ஆடையில் இணைப்பையும் விளிம்பையும் ஒரே ஓட்டத்தில் அடித்து மிச்சத்தை வெட்டிவிடுவதால் பிரித்துவிட ஒன்றும் இருப்பதில்லை.

அம்மா பொறுமையாகக் கேட்டார். பிறகு இரண்டு பிளவுஸ்களை உட்புறம் திருப்பிக் காட்டினார். ஒன்றில் விளிம்பெல்லாம் பிசிறு. மற்றொன்றில் இரண்டு அங்குலம் துணி உள்ளே விட்டிருந்தது. அதன் விளிம்பு மட்டும் தனியாக இன்டர்லாக் அடிக்கப்பட்டிருந்தது. பிரித்துவிடவும் வழி உண்டு, நூலும் பிரியாது. கத்தி எதை வெட்டும் என்பதை மெஷின் தீர்மானிப்பதில்லை, துணியை விடுகிற கைதான் தீர்மானிக்கிறது என்ற எளிய செய்தி என் வாசிப்புக்குள் வந்திருக்கவில்லை.

அடுத்துச் சொன்னதுதான் என்னை வாயடைக்கச் செய்தது. இப்போது துணி கொடுக்க வரும் பெண்கள் முதலில் உட்புறத்தைத் திருப்பிப் பார்க்கிறார்கள். கடைச் சரக்கின் உட்புறம் பார்த்துப் பழகிய கண்கள். ஆகவே அம்மா வாரத்தில் நான்கு நாள் மாலையில் மூட்டையோடு சரிவில் இறங்கி, ஸ்டேஷன் பக்கம் உள்ள கடையில் காத்திருந்து, விளிம்பு அடித்துக்கொண்டு ஏறிவருகிறார். காசு போவதை அவர் பெரிதாகச் சொல்லவில்லை. தீபாவளி நேரத்தில் அந்தக் கடைக்காரர் “நாளைக்கு வாங்க” என்றால் அம்மா சொன்ன நாள் தவறிப்போகிறது. ஏச்சு வாங்குவது கடைக்காரர் அல்ல. முழு வேலையும் தெரிந்தவர் என்று நான் பெருமைப்பட்ட தையல்காரி, கடைசி விளிம்புக்காக இன்னொருவரின் தயவில் இருந்திருக்கிறார். அவர் முழு வேலைக்காரி ஆவதற்குத் தேவைப்பட்டது அந்த இரண்டாவது மெஷின்தான்.

நம் நலத்திட்டங்கள் இந்த இடத்துக்கு முன்பே நின்றுவிடுகின்றன. தமிழ்நாட்டில் சத்தியவாணி முத்து அம்மையார் பெயரில் இலவசத் தையல் இயந்திரத் திட்டம் இருக்கிறது. கணவரை இழந்தோருக்கும் கைவிடப்பட்டோருக்கும் வறியோருக்கும் அது முதல் படியாக இருந்துவருகிறது, அதைக் குறைத்துப் பேச மாட்டேன். 2023 செப்டம்பர் 17 அன்று தொடங்கிய ஒன்றிய அரசின் விசுவகர்மா திட்டம் 18 தொழில்களில் தையலையும் சேர்த்து, கருவிகளுக்கு 15,000 ரூபாய் வரை தருகிறது. ஆனால் மேடையில் மெஷினைக் கொடுத்துப் படம் எடுத்ததும் ஒரு பெண் தையல்காரி ஆகிவிட்டார் என்று எண்ணுவது 50 ஆண்டுக்கு முந்திய சந்தைக்குப் பொருந்தலாம். இன்றைய சந்தை உட்புறத்தைத் திருப்பிப் பார்க்கிறது. ஒரு தெருவுக்கோ ஒரு மகளிர் குழுவுக்கோ ஓர் ஓவர்லாக் என்று கொடுத்தால்கூடப் போதும். விளிம்பு அடிப்பது நாள் முழுதும் ஓடும் வேலை அல்ல.

எல்லோருக்கும் இதையே சொல்கிறேன் என்று கொள்ள வேண்டாம். கையில் ஒன்றுமே இல்லாதவர் முதலில் தையல் மெஷின்தான் வாங்க வேண்டும். ஜிக்ஜாக் வசதியுள்ளது கிடைத்தால் விளிம்பையும் ஓரளவு சமாளிக்கலாம், மெதுவாகத்தான். தாராவியிலும் இங்கேயும் பட்டறைகளில் இருந்து மூட்டை வாங்கி வந்து வீட்டில் நூல் பிசிறு வெட்டித் தரும் பெண்களுக்கு இந்தத் தேர்வே வந்து சேரவில்லை. அவர்கள் கையில் இருப்பது கத்தரி மட்டும். வீட்டிலிருந்து உழைப்போருக்கான சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 177ஆம் உடன்படிக்கை 1996இல் வந்தது. இந்தியா இன்னும் அதை ஏற்புறுதி செய்யவில்லை.

மூன்று நூல் மெஷின் சென்ற சனிக்கிழமை வந்தது. சத்தம் அதிகம் என்பதால் இரவு ஒன்பதுக்கு மேல் ஓட்டுவதில்லை என்று பக்கத்து வீட்டு அக்காவிடம் அம்மா ஒப்புக்கொண்டிருக்கிறார். பதிலுக்கு அக்காவின் துணிகளுக்கு விளிம்பு அடிக்கக் காசு வாங்குவதில்லையாம். நூல் கோப்பதற்கு மட்டும் என்னை அழைக்கிறார். கீழ் லூப்பருக்கு நூல் விடும் வழி எனக்கு இன்னும் பிடிபடவில்லை.