14 வயதுக்கு எத்தனை மாத்திரை?

மயிலாப்பூர் மாட வீதிகளிலோ, தி. நகர் உஸ்மான் சாலையிலோ, அடையாற்றிலோ மருந்துக்கடை வாசலில் மாலை வேளையில் சற்று நின்றால் இப்படியோர் உரையாடல் காதில் விழக்கூடும். "பையனுக்குக் காய்ச்சல், தொண்டை வலி." "என்ன வயசு?" "பதினாலு." அந்த ஓர் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு ஆண்டிபயாட்டிக் அட்டையிலிருந்து ஆறு மாத்திரைகள் கத்தரித்துத் தரப்படுகின்றன.

வயதை மட்டும் கேட்டு அளவை முடிவு செய்யும் இவ்வழக்கம், வேறெவரையும்விடப் பதின்பருவத்தினருக்கே பொருந்தாதது என்பது நம் கருத்து. 14 வயதில் 30 கிலோ எடையுள்ள பிள்ளையும் உண்டு; 60 கிலோவைத் தாண்டிய பிள்ளையும் உண்டு. அமாக்சிசிலினையே எடுத்துக்கொள்வோம். 40 கிலோவுக்குக் குறைந்தவர்க்கு, கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம் என்று கணக்கிடுவதும், அதற்கு மேற்பட்டவர்க்குப் பெரியவர்களின் அளவைத் தருவதும் மருத்துவ வழக்கு. நோய் தொண்டையிலா, காதிலா, நுரையீரலிலா என்பதைப் பொறுத்து அளவும் நாள்களும் மாறும். சிறுநீரகக் கோளாறு இருப்பின் குறைக்க நேரும். பெனிசிலின் ஒவ்வாமை இருப்பின் அம்மருந்தே கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, தொண்டை வலிகளில் பெரும்பாலானவை வைரசால் வருபவை; அவற்றுக்கு ஆண்டிபயாட்டிக் ஒரு மாத்திரைகூடத் தேவையில்லை.

தமிழ் கற்றோர்க்கு இக்கருத்து புதிதன்று. நோயாளியின் அளவு, நோயின் அளவு, காலம் ஆகிய மூன்றையும் எண்ணியே மருத்துவன் செயற்பட வேண்டும் என்பது வள்ளுவரின் 949ஆம் குறள். நோயாளி, மருத்துவன், மருந்து, உடனிருந்து மருந்தூட்டுபவன் என்று மருத்துவத்தை நான்காகப் பகுக்கிறது அடுத்த குறள். நம் கடைவாசல் வைத்தியமோ அந்நான்கில் மருத்துவனை மட்டும் நீக்கிவிடுகிறது.

அளவு குறைந்தால் என்ன ஆகும் என்பதைப் பெனிசிலினைக் கண்டறிந்த ஃபிளெமிங் 1945ஆம் ஆண்டு தம் நோபல் உரையிலேயே எச்சரித்தார்: போதாத மருந்து கிருமியைக் கொல்லாமல், எதிர்த்து நிற்கப் பழக்கிவிடும். அவ்வெச்சரிக்கை நமக்குத் தொலைவான செய்தியன்று. மிக வலிய ஆண்டிபயாட்டிக்குகளையும் செயலிழக்கச் செய்யும் என்.டி.எம்.-1 நொதியைப் பற்றி 2010இல் வெளிவந்த ஆய்வில் சென்னைக் கிருமிகளும் இடம்பெற்றிருந்தன. இச்சிக்கலை எதிர்கொள்ள 2012இல் இந்திய மருத்துவ அமைப்புகள் கூடி வகுத்த திட்டத்துக்குச் 'சென்னைப் பிரகடனம்' என்றே பெயர். செஃபிக்சிம் போன்ற மருந்துகளை விற்கும்போது மருத்துவர், நோயாளி, மருந்தின் அளவு ஆகிய விவரங்களைப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்னும் எச்-1 அட்டவணை விதி 2014 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. அமாக்சிசிலினையும் சீட்டின்றி விற்கச் சட்டம் இடந்தரவில்லை. சட்டம் இருக்கிறது; கேட்கும் பழக்கந்தான் நம்மிடம் இல்லை.

ஆகவே நாம் வேண்டுவன சில. மருத்துவர்கள் பதின்பருவத்தினரை எடைபார்த்து, அவ்வெடையைச் சீட்டிலேயே எழுத வேண்டும். பெற்றோர் ஒவ்வாமையையும் பிற நோய்களையும் தாமாகச் சொல்ல வேண்டும். எத்தனை வேளை, எத்தனை நாள் என்று கேட்டறிந்து அதன்படியே கொடுக்க வேண்டும். அண்ணனுக்கு வாங்கி மிஞ்சியதைத் தம்பிக்குக் கொடுத்தலாகாது. சீட்டில்லாமல் வருபவரைத் திருப்பியனுப்பும் கடைக்காரரை நாம் கடிந்துகொள்ளாதிருந்தால், அதுவே அவருக்குச் செய்யும் பேருதவி.