திண்ணைக்கு மட்டும் ஏன் இந்த ஓரவஞ்சனை?

பாண்டிச்சேரி போய் வந்த நண்பர்கள் எல்லோரிடமும் ஒரே போட்டோதான். மஞ்சள் சுவர், காகிதப்பூ, முன்னால் கூலிங்கிளாஸோடு நம்ம ஆள். பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே உள்ள பிரெஞ்சுத் தெருக்கள் மட்டும்தான் பாரம்பரியமா?

வாய்க்காலைத் தாண்டி மேற்கே வாங்க. வைசியாள் வீதி. மரத்தூண் வைத்த தாழ்வாரம், திண்ணை, செதுக்கிய கதவு. சில வீடுகளில் கீழே தமிழ் வீடு, மாடியில் பிரெஞ்சு ஜன்னல்! ஐரோப்பிய ஒன்றிய உதவியோடு இன்டாக் அமைப்பு இந்த வீதியின் முகப்புகளைச் சீரமைத்தது. 2008-ல் யுனெஸ்கோ விருதும் வந்தது. ஆனால் பக்கத்துத் தெருக்களில் திண்ணை வீடுகள் போய் கான்கிரீட் வந்துகொண்டே இருக்கிறது.

2014 நவம்பர் மழையில் கடற்கரை மேரி கட்டடம் இடிந்தது. உலக வங்கிப் பணத்தில் பழைய உருவத்திலேயே திரும்பக் கட்டினார்கள். சந்தோஷம். திண்ணை வீடு இடிந்தால்?

(அந்தத் திண்ணையில் எல்லா சாதிக்கும் இடம் இருந்ததா என்று கேட்பீர்கள். இல்லை. அதற்காக இடித்தால் சாதி போய்விடுமா?)

"உள்ளே இருப்பவனுக்குத்தான் கஷ்டம் தெரியும்" என்பதும் நியாயம்தான். ஓடு மாற்ற ஆள் இல்லை, பங்காளிகள் ஐந்து பேர். அப்படியானால் விருதுக்கு ஒரு வீதி போதும் என்று நிற்காமல், வரியைக் குறையுங்கள், மராமத்துக்குப் பணம் கொடுங்கள்.

கச்சிராயபாளையத்தில் எங்கள் ஆயா வீட்டுத் திண்ணையை இடித்து ஷட்டர் போட்டபோது, கல் எடுத்துக் கொடுத்தவர்களில் நானும் ஒருவன்.