கடன் மக்களுக்கு, துறைமுகம் அதானிக்கு

குமரி மாவட்டக் குவாரிகளில் உடைத்த கருங்கல், களியக்காவிளை கடந்து பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரச் சாலைகள் வழியே லாரி லாரியாக விழிஞ்ஞம் சென்றது. துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர் அத்தகைய கல்லால் எழுந்தது. அந்தச் சுவருக்குப் பணம் கொடுத்தது யார், பலனை அனுபவிப்பது யார் என்று கேட்கும் உரிமை, லாரிப் புழுதியைச் சுவாசித்த இந்த எல்லையோர மக்களுக்கு உண்டு.

2015 ஆகஸ்ட் 17 அன்று உம்மன் சாண்டி அரசு அதானி குழுமத்துடன் ஒப்பந்தம் செய்தது. முதற்கட்டச் செலவு 8,867 கோடி ரூபாய். இதில் மாநில அரசின் பங்கு 5,595 கோடி. ஒன்றிய அரசின் இடைவெளி நிதி சுமார் 818 கோடி. அதானியின் பங்கு 2,454 கோடி மட்டுமே. ரூபாய்க்கு 28 காசு போட்டவருக்கு 40 ஆண்டு இயக்கும் உரிமை! வழக்கமான 30 ஆண்டுக்கு மேல் தரப்பட்ட 10 ஆண்டுகளால் மட்டும் 29,217 கோடி ரூபாய் கூடுதல் வருவாய் கிடைக்கும் என்று தலைமைக் கணக்குத் தணிக்கையர் 2017இல் சுட்டிக்காட்டினார்.

‘அரசிடம் பணம் இல்லை, ஆகவே தனியார் வேண்டும்’ என்பதே இத்தகைய கூட்டுக்குச் சொல்லப்படும் நியாயம். இத்திட்டத்தைத் தனியார் கூட்டாக வடிவமைக்க ஆலோசகராக இருந்தது உலக வங்கிக் குழுமத்தின் சர்வதேச நிதிக் கழகம். பின்னர், அரசு தன் பங்கைச் செலுத்தக் கடன் தேடி அலைந்தது. வேளாண்மைக்கும் ஊரக வளர்ச்சிக்கும் என 1982இல் தோன்றிய நபார்டு வங்கியிடம், அரசு உத்தரவாதத்துடன் 2,100 கோடி ரூபாய் கடன் பெற 2024இல் முடிவாயிற்று. பொதுத்துறை வங்கியின் கடனும் அரசின் உத்தரவாதமும் இருக்கும்போது, துறைமுகத்தை அரசே ஏன் நடத்தக் கூடாது? தூத்துக்குடித் துறைமுகம் பொதுப் பணத்தில், பொது உடைமையாகக் கட்டப்பட்டு 1974இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டதே!

ஒன்றிய பாஜக அரசின் வஞ்சகம் இதற்கும் மேல். இடைவெளி நிதியை மானியமாக விட மறுத்து, கேரளத்துக்கு வரவேண்டிய வருவாய்ப் பங்கில் 20 சதவீதத்தைத் தனக்கு எழுதி வாங்கிக்கொண்டது. 2025 ஏப்ரலில் அந்த ஒப்பந்தம் கையெழுத்தானது. மே 2 அன்று பிரதமர் துறைமுகத்தைத் திறந்துவைத்தார்.

இங்கே எதிர்க்கப்படுவது துறைமுகம் அன்று. இழப்பைப் பொதுவாக்கி லாபத்தைத் தனியார்மயமாக்கும் ஏற்பாடே. வளர்ச்சி வங்கிகளின் நீண்டகாலக் கடன் பொது உடைமையை உருவாக்கவே பயன்பட வேண்டும். கடன் நிபந்தனைகள் அனைத்தும் சட்டமன்றத்தில் வைக்கப்பட வேண்டும். வாழ்வாதாரம் காக்க 2022இல் மாதக்கணக்கில் போராடிய கடலோர மீனவரிடமும், எல்லையோரக் கிராமங்களின் ஒவ்வொரு வீட்டிலும் இந்தக் கணக்கை எடுத்துரைப்பது கட்சிக் கிளைகளின் உடனடிக் கடமையாகும்.