எங்கட ஒழுங்கைக்கு எந்த மப்?

காலி வீதி நெரிசலைப் பார்க்க கூகுள் மப்ஸை விட்டால் வேறை இல்லை. அதை ஒத்துக்கொள்ளுறன். ஆனால் யாழ்ப்பாணத்தில, திருநெல்வேலி ஒழுங்கைகளுக்குள்ள, டேட்டா முடிஞ்ச போனோட சைக்கிள் ஓடுற எங்களுக்கு? வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைச்சாலும், இணையம் இல்லாட்டி கூகுள் வாகனத்துக்குத்தான் வழி சொல்லும். சைக்கிளுக்கும் நடைக்கும் சொல்லாது. ஒர்கானிக் மப்ஸ் செயலி இணையமே இல்லாமல் எல்லாத்துக்கும் சொல்லும். நெரிசல் மட்டும் அதுக்குத் தெரியாது.

அதன் அடித்தளம் 2004இல் தொடங்கின ஓப்பன்ஸ்ட்ரீட்மப். ஆரும் கீறாத ஒழுங்கை அதிலயும் இல்லைத்தான். ஆனால் கீறுறதுக்கு ஆரிட்டயும் அனுமதி கேட்கத் தேவையில்லை. போன கிழமை எங்கட ஒழுங்கையைக் கீறினன், பேரைத் தமிழில போட்டன்.