கிடை மட்டும் வேணுமா?

வங்கியில் இருந்தபோது கறவை மாட்டுக் கடன் எத்தனையோ கொடுத்திருக்கிறேன். தீவனத்துக்கு நிலம் இருக்கா என்று யாரிடமும் மனசாரக் கேட்டதில்லை. படிவத்தில் ஒரு கட்டம், அவ்வளவுதான். இப்போ கெங்குவார்பட்டியில் நானே மாட்டுக்காரன்.

2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் காட்டுக்குள் மேய்ச்சலுக்குத் தடை போட்டது. அதே மாதம் தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகத்துக்கு மட்டும் என்று சுருக்கியது. நம்ம மேகமலை 2021-லேயே புலிகள் காப்பகம் ஆயிருச்சு. மலைமாட்டுக்காரங்க எங்கே போவாங்க? அவங்க கிடை நமக்கு வேணும்; மாடு வரப்பில் வாய் வைத்தால் மட்டும் கம்பை எடுக்கிறோம். இது நியாயமில்லைங்க.

மானாவாரியில் ரெண்டு ஏக்கரை ஒதுக்கி, ஐப்பசி மழைக்குக் கொழுக்கட்டைப் புல்லும் முயல் மசாலும் விதைத்தேன். (கோ-4 தண்ணி கேட்கும், இங்கே ஆகாது.) மசால் விதையை 80 டிகிரி வெந்நீரில் நாலு நிமிஷம் வைத்து, ராத்திரி பச்சைத் தண்ணியில் ஊறப் போடணும்; இல்லாட்டி முளைப்பு சுணங்கும். முதல் வருஷம் மாட்டை விடாதீங்க, விதை உதிரட்டும்.

போன தையில் சின்னப் பட்டி ஒண்ணு நாலு நாள் மேய்ந்தது. ராத்திரிக் கிடை என் வயலில். ரெண்டு பக்கமும் காசு கைமாறலை.