எக்ஸ்போர்ட் டீஃபால்ட்டை ஒழிச்சுக் கட்டுங்கப்பா

போன வாரம் ஆபீஸ்ல சரியான ஆணி. பில்லுல வரித் தொகை தப்பா வருதுன்னு ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் தேடினேன். விஷயம் இம்புட்டுதான்: பழைய வரிக் கணக்கு ஒரு ஃபைல்ல, புதுசு இன்னொரு ஃபைல்ல. ரெண்டுமே 'எக்ஸ்போர்ட் டீஃபால்ட்'. எவனோ பழைய ஃபைலை இம்போர்ட் பண்ணி அதுக்கு 'நியூடேக்ஸ்'னு பேர் வச்சிருக்கான். ஜாவாஸ்கிரிப்ட் ஏன்னு ஒரு வார்த்தை கேக்கல. டீஃபால்ட்டுக்கு வாங்குறவன் வைக்கிறதுதானே பேரு! (கிட் பிளேம் போட்டுப் பாத்தா அந்த எவனோ நானேதான். ஹிஹி.)

இதையே கர்லி பிரேஸுக்குள்ள பேர் சொல்லி இம்போர்ட் பண்ணியிருந்தா, 'அப்படி ஒரு பேரே அந்த ஃபைல்ல இல்ல'ன்னு கோட் ஓடுறதுக்கு முன்னாடியே சின்டாக்ஸ் எரர் வந்திருக்கும். நோடோட பழைய ரெக்கொயர்ல இல்லாத பேரைக் கேட்டா சத்தமில்லாம அன்டிஃபைன்ட் கைக்கு வரும். 2015-ல இஎஸ்6 மாட்யூல் வந்ததுல எனக்குப் பெரிய லாபமே இந்த எரர்தான். அதையும் டீஃபால்ட் போட்டு நாமளே தொலைக்கிறோம்.

'டைப் பண்றது கம்மி'ங்கிறாங்க. தேடும்போது? எங்க புராஜெக்ட்ல ஒரே ஃபங்ஷனுக்கு நாலு பேரு. 'ஆஸ் போட்டு அதையும்தான் மாத்தலாமே'ன்னா, மாத்துங்க சாமி, ரெண்டு பேரும் ஒரே வரியில தெரியும்ல. ரியாக்ட் லேசி டீஃபால்ட்தான் வேணும்னு அடம் பிடிக்கும், அங்க மட்டும் மன்னிச்சு விடலாம்.

திங்கக்கிழமை டீஃபால்ட் கூடாதுன்னு லின்ட் ரூல் போட்டேன். 300-க்கு மேல எரர். மேனேஜர் இன்னும் பாக்கல :-)